ஏழு திருகாணி

காவேரிப்பட்டணம் மாங்கூழ் கம்பெனி.
ஆனி மாச ராத்திரி ஷிப்ட்.
கிளிமூக்குத் தோல் ஒன்று
ஈரத் தரையில் எனக்காகக் கிடந்தது.
விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை,
கொதிகலன் அப்படி இரைந்துகொண்டிருந்தது.
எனக்கு மட்டும் கேட்டது
காலுக்குள்ளே, காய்ந்த முருங்கைக் கிளை மாதிரி,
இரண்டு முறை.
குனிந்து பார்த்தேன்.
பாதம் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தது.

காப்பீட்டு அட்டையில் திம்மக்கா,
ஆதாரில் திம்மக்காள்.
கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில்
ஆறு நாள் படுத்திருந்தேன்.
வீக்கம் வடியணும் என்றும் சொன்னார்கள்.
எந்தக் காரணம் நிஜம் என்று
இன்னமும் எனக்குத் தெரியாது.

ஒரு தட்டு, ஏழு திருகாணி.
டாக்டர் ஸ்க்ரூ என்றுதான் சொன்னார்.
கம்மலும் அதன் இரண்டு திருகாணியும்
அதே வாரம் அடகுக்குப் போயிருந்ததால்
என் காதில் அப்படி விழுந்தது.

கட்டுப் பிரித்த பிறகு
பிசியோதெரபி தம்பி இர்ஃபான்
கட்டைவிரலால் காற்றில் ஏபிசிடி எழுதச் சொன்னான்.
எனக்கு ஏபிசிடி வராது.
வர்றத எழுதுங்கக்கா என்றான்.
ட சுலபம். ப சுலபம்.
இரண்டும் கட்டில்கால் மாதிரி நேராக நிற்கும்.
அ வருவதற்கு மூன்று வாரம்.
ஐ எழுதிய அன்று
ஐயோ என்று கத்தியேவிட்டேன்.
அவன் சிரித்தான், நானும்.
இ மட்டும்
சுழித்து மேலேறும் இடத்தில்
கணுக்கால் பூட்டிக்கொள்ளும்.

மூன்று வருஷம் ஆகிறது.
எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
நல்லா கூடியிருக்கு என்கிறார் டாக்டர்.
கூடியிருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை.
ஏறும்போது எனக்கு நாற்பத்தொரு வயசு,
இறங்கும்போது எழுபது.
பாலக்கோடு பஸ்ஸின் கடைசிப் படியில்
பழகிய கண்டக்டர் என்றால்
விசில் ஒரு மூச்சு தாமதிக்கும்.
புது ஆள் என்றால் இல்லை.
இடது செருப்பு வெளி ஓரமாகவே தேய்கிறது.
விளக்கு வைக்கும் நேரத்தில்
அந்தக் காலில் கொலுசு ஏறாது.
கக்கூஸில் நடுவே ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி.
விருந்தாளி வந்தால் கோணி போட்டு மூடுவேன்.
மார்கழியில் முதலில் இரும்பு குளிரும்,
அப்புறம்தான் நான்.

நிற்கும் வேலையிலிருந்து மாற்றி
டப்பாவுக்கு லேபிள் ஒட்டும் மேசையில் போட்டார்கள்.
நாளைக்கு அறுபது ரூபாய் குறைவு,
உட்கார்வதற்கு வாடகை.

வேணும்னா தட்டை எடுத்துடலாம் என்கிறார்.
எடுத்த துளை மூடும் வரைக்கும்
மறுபடி பார்த்துப் பார்த்து நடக்கணுமாம்.
போன தையில் கம்மலை மீட்டேன்.
காதுத் துளை தூர்ந்திருந்தது.
வேப்பங்குச்சி வைத்துத் திறந்து
சீழ் கட்டி, பத்து நாள்.
எதைத் தூர்ப்பது எதை விடுவது என்று
உடம்பு யாரையும் கேட்பதில்லை.
இருக்கட்டும் சார் என்றேன்.

மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு
யாருக்கும் தெரியாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
லேபிளில் மாங்கூழ் என்று இருக்கிறது.
அதைப் பார்த்து இன்றைக்கு
ழ முழுசாக வந்துவிட்டது,
புள்ளிகூட வைத்தேன்.
இ பாதியில் நிற்கிறது.
டப்பாக்கள் வந்துகொண்டேயிருக்கின்றன.