கொடி கொத்தாய்

ஒரு நாளைக்கு நூற்றிருபது கழுத்து.
கழற்றுங்க, தீசேயண்டி, உதாரியே, குலுன்:
நாலு பாஷையிலும் எனக்குச் சுத்தமாக வருவது
இந்த ஒரு வினைதான்.
தாயத்து, துளசிமணி, ஜெபமாலை,
சேஃப்டி பின்னில் கோத்த முருகன் டாலர்.
கழற்றவே மாட்டேன் என்று அழுத குடியாத்தத்துப் பெண்ணை
தாலியைப் பல்லில் கடித்துக்கொள்ளச் சொல்லி எடுத்தேன்.
எவர்சில்வர் தட்டில் கவரிங் சலசலக்கும்.
தங்கம் பேசாது. உட்காரும்.

என் கழுத்தில் கிடப்பது
கழுத்துக்குச் செய்ததே இல்லை.
லாங் பஜாரில், சம்பாலால் கடையில்,
வட்டியில் மூழ்கிப்போன நகைகளோடு
ஒரு காலண்டர் தாளில் சுருட்டிக் கிடந்தது.
"ஆம்பள சாமான்மா. பாக்கெட் கடிகாரத்துக்கு."
கடிகாரம் எங்கே என்றேன்.
"வரல. சங்கிலி மட்டும்தான் வந்தது."
உரைகல்லில் ஒரு கோடு இழுத்து உதட்டைப் பிதுக்கினார்.
சீமைப் பொருள், பதினைந்து காரட், மாற்று குறைவு.
லென்ஸை வாங்கிப் பார்த்தேன்.
ஒவ்வொரு கண்ணியிலும் தனித்தனியாக முத்திரை,
கடுகில் பாதி இருக்கும்.
எங்கே வெட்டினாலும் வெட்டின துண்டு
நானும் தங்கம்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.
அதற்காகத்தான் எடுத்தேன் என்று சொல்ல ஆசை.
உண்மையில் அந்தக் கனம் பிடித்திருந்தது.

அதே தராசில், அதற்குக் கால்மணி நேரம் முன்னால்,
ஐந்து பவுன் கொடியை நான்தான் வைத்தேன்.
கோர்ட் தாள் கைக்கு வந்து ஒன்பதாம் நாள்.
இதற்குக் கொடுத்தது போக மிச்சம்
சத்துவாச்சாரி வீட்டுக்கு அட்வான்ஸ்.

நடுவில் ஒரு குறுக்குக் கம்பி தொங்கும்,
கோட்டுப் பொத்தான் துளையில் மாட்டுவதற்கு.
தலையில்லாத சிலுவை என்று வைத்துக்கொள்ளலாம்.
பாகாயம் பஸ்ஸில் ஒரு அம்மா "எந்தச் சபை?" என்றாள்.
காட்பாடி அண்ணி கிருத்திகைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.
ஸ்டோர் ரூம் ஜெசிந்தாள் மட்டும்,
"நிஜமா சொல்லு அம்சவேணி, எப்ப ஞானஸ்நானம்?"

நேற்று, ஹரிபதோ மண்டல்,
அறுபத்திரண்டு, மார்பு, நின்ற நிலை.
பாங்குராவிலிருந்து இரண்டு ராத்திரி ரயில்.
சட்டையைக் கழற்றியவர் என் கழுத்தையே பார்த்தார்.
விரலை நீட்டிக் கேட்டார்,
"கொடி கொத்தாய்?"

கொத்தாய் என்றால் எங்கே.
பாத்ரூம் கொத்தாய், பில் கவுன்டர் கொத்தாய்,
பதினோரு வருஷத்தில் இதுகூட வராதா.
கொடி எங்கே.
மாமியார் கேட்டாயிற்று, வீட்டுக்காரம்மா கேட்டாயிற்று,
பால் போடும் பையன் அவன் அம்மா சொல்லிக் கேட்டாயிற்று.
இப்போது வங்காளத்திலிருந்து
டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து கேட்கிறார்கள்.

"வித்துட்டேன்," என்றேன். தமிழில்.
காரீயக் கதவு தாண்டிக் கேட்டிருக்கும்.

மகள் ஓடிவந்தாள்.
பதறிப்போய்த் தன் மணிக்கட்டைத் தட்டித் தட்டிக் காட்டினாள்.
அவர்கள் ஊரில் கொடி என்றால் கடிகாரம்.
அவரோ சட்டையில்லாத மார்பில்
பாக்கெட் இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டார்;
அங்கிருந்து என்னை நோக்கிக்
காற்றில் ஒரு தொங்கல் வரைந்து காட்டினார்.
இது இங்கே இருக்கிறது. அது?

வரல, என்றேன். சங்கிலி மட்டும்தான் வந்தது.
அவருக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது.

தாடையைத் தூக்கிப் பலகையில் வைத்துத்
தோளிரண்டையும் முன்னால் தள்ளிவிட்டுக்
கண்ணாடிக்குப் பின்னால் போனேன்.
ஷாஸ் நின். தொரே ராகுன்.
இழுத்தார், பிடித்தார்.
பொத்தானை அழுத்தக் குனிந்தபோது
குறுக்குக் கம்பி ஜில்லென்று தொட்டது,
சிரிப்பு வந்துவிட்டது.
வித்துட்டேனாம். யாருடைய கடிகாரத்தை.

வாயைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தால்
அந்த மனுஷன் இன்னும் மூச்சை விடவில்லை.
நான் விடச் சொல்லவில்லையே.
கழுத்து நரம்பு புடைக்க நிற்கிறார்,
எத்தனை நொடி ஆனது என்று பார்க்க
என்னிடம் ஒன்றுமில்லை.