மாறிலி

ஏழு கட்டி ஐஸ் எண்ணிக் கொடுத்துவிட்டு
பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில்
அவன் கடலை எழுதினேன்.

கரையிலிருந்து தூரம் எக்ஸ்.
மீன் எக்ஸோடு கூடும், ஆனால் சோம்பலாக,
வர்க்கமூலத்தின் நடையில்.
ஒன்றாம் கிலோமீற்றரில் பன்னிரண்டாயிரம்,
நாலில் இருபத்துநாலு,
ஒன்பதில் முப்பத்தாறு,
அதன்பிறகு கடல் கையை இறுக்கிக்கொள்ளும்.
மண்ணெண்ணெய்க்கு இந்த வளைவெல்லாம் தெரியாது.
போகவரக் கிலோமீற்றருக்கு இரண்டாயிரம்.
நேர்கோடு.

இணைந்த கணிதத்தில் எனக்கு ஒரு எஸ்.
பல்கலைக்கழகத்துக்கு அது போதவில்லை.
உட்துறைமுக வீதி ஐஸ் தொழிற்சாலையில்
கணக்கெழுத அதுவே கூட.

முதல் தாளைக் கோட்டை வாசலில் நின்ற மான் தின்றுவிட்டது,
சைக்கிள் கூடையிலிருந்து, என் கண்முன்னால்.
இரண்டாம் தடவை எழுதும்போதுதான்
ஒரு கழித்தல் குறி பிழையென்று கண்டேன்.
மானுக்கு நன்றி.

வகையிட்டேன். பூச்சியத்துக்குச் சமப்படுத்தினேன்.
வேர் எக்ஸ் மூன்று. எக்ஸ் ஒன்பது.
கோணேசர் மலையேற்றத்தில்
பிறேக்கை விட்டாலும் சைக்கிள் நகராத
அந்த ஒரு முழம்போல
ஒன்பதாம் கிலோமீற்றர்:
இன்னும் போனாலும் நட்டம், முன்னமே நின்றாலும் நட்டம்.

"மீனுக்கும் ஒரு கொப்பி அடிச்சுக் குடு"
என்று சிரித்தான் பிலேந்திரன்.
ஆனால் போனான்.

தாள் பதினெட்டாயிரம் என்றது.
மாதக் கடைசியில் சராசரி பார்த்தேன்.
பதினேழாயிரத்து அறுநூறு.
மீன் ஏமாற்றவில்லை, ஜவாஹிர் காக்காவின் தராசும் ஏமாற்றவில்லை.
அவன் போனில் வள்ளம் போன தடத்தைத் திறந்தேன்.
கரையிலிருந்து சரியாக ஒரு கிலோமீற்றரில்
ஒவ்வோர் இரவும் இஞ்சின் மூச்சைக் குறைக்கிறது.
போகும்போது பத்து நிமிடம். வரும்போது பத்து.
அங்கே பாருமில்லை, வலையுமில்லை.

அவன் வலிக்கப் பழகிய நாட்களில்
கடல் அவ்வளவுதான் அகலம்.
அதற்கப்பால் நேவியின் வெளிச்சம்.

இடைவெளியின் முனைகளைத் தனியே சோதி என்பார்கள்.
கோட்டை வேறு யாரோ கீறினால்
சாய்வு இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே
விடை அந்தக் கோட்டில் வந்து முட்டி நிற்கும்.
கோட்டை அழித்துப் பத்து வருசத்துக்கு மேல்.

நான் கேட்கவில்லை.
நானூறைச் சமன்பாட்டின் கடைசியில் கழித்து எழுதினேன்.
மாறிலி.
வகையிட்டால் பூச்சியம்.
ஒன்பது ஒன்பதாகவே நின்றது.
விடையை அது ஓர் அங்குலமும் நகர்த்தவில்லை,
ஒவ்வோர் இரவும் கழிபட்டது.

ஆனியில் எண்ணெய் ஏறியது.
இரண்டு, மூன்றானது.
வேர் எக்ஸ் இரண்டு, எக்ஸ் நாலு.
வரிசையில் கானோடு நின்றவர்களுக்கு
யாரும் இதைச் சொல்லவில்லை:
ஒரு வர்த்தமானியில்
கடல் ஐந்து கிலோமீற்றர் சுருங்கிவிட்டது.

"நாலோட திரும்பு. ஐஸும் மூண்டு கட்டி காணும்."
தலையாட்டினான்.
விடிய, போன் ஒன்பது காட்டியது.
மறுநாளும் ஒன்பது.
நாலில் பன்னிரண்டாயிரம் மிஞ்சும்,
ஒன்பதில் ஒன்பதாயிரம்தான்
என்று தாளை அவன் சோற்றுக் கோப்பைக்கருகே வைத்தேன்.
ஒரு முள்ளை எடுத்து அதன்மேல் வைத்தான்.

"நாலில நிண்டா கரை லைற் எல்லாம் தெரியுது."
"ஒன்பதில?"
"ஒண்டுமில்லை."

மூவாயிரம்.
இது மாறிலி இல்லை.
எக்ஸில் தங்கியிருக்கிறது,
வகையிட்டால் போகாது.
எந்த அலகில் எழுதுவதென்று தெரியாமல்
பென்சிலைக் கடித்தபடி இருக்க
ஜவாஹிர் காக்கா ஐஸ் அறைக் கதவைத் திறந்து
புகைக்குள்ளிருந்து கத்தினார்:
"பிலேந்திரன்ட வள்ளத்துக்கு மூண்டா, ஏழா?"

ஏழு என்றேன்.