முறைப்பாடு

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பக்கம் ஆயிரத்து இருநூறு.
கையால் எழுதியதென்றால் இருநூறு கூட.
டொக்டர்மாரின் கையெழுத்துக்கு
நான் விலை சொல்வதில்லை. முதலில் பார்க்க வேண்டும்.

மரியநேசன் பார்க்கத் தந்தார்.
பாசையூரிலிருந்து சைக்கிளில்
சேர்ட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்த கிளினிக் கொப்பி.
மழைக்கு நண்டுக் கம்பனியின் பொலித்தீன் பை சுற்றியிருந்தது.
மனைவி அங்கே சதை பிரித்தவ.
செபமலர், வயது நாற்பத்தொன்று.
மூன்றாம் பக்கத்தில் செபமாலை,
ஐந்தாம் பக்கத்தில் திரும்பவும் செபமலர்.
பிழையையும் பிழையாகவே பெயர்க்க வேண்டும்.

"வழக்குப் போட இன்னும் பதினொரு நாள்தான் கிடக்காம்.
முந்தித் தெரிஞ்சிருந்தாலும் அவள் தப்பியிராள் எண்டு
அவையள் சொல்லுவினமாம். லோயர் சொன்னவர்.
ஓமோ இல்லையோ, எனக்குத் தெரியாது மிஸ்."

எல்லாப் பக்கத்திலும் முதல் வரி ஒன்றுதான்.
வயிற்றுவலி என முறைப்பாடு.
வயிற்றுவலி, சாப்பாட்டில் மனமில்லை என முறைப்பாடு.
வயிற்றுவலி, நாலு கிலோ குறைந்ததாக முறைப்பாடு.
நோயாளி வாய்திறந்து சொல்வதெல்லாம்
அவர்களுடைய பாஷையில் முறைப்பாடு.
பொலிசில் கொடுப்பதற்கும் அதே சொல்,
பதினொரு நாளுக்குள் கோட்டில் பதியப்போவதற்கும் அதே சொல்.
ஏழு மாதத்தில் ஐந்து தரம் பதிந்திருக்கிறாள்.
ஐந்துக்கும் கீழே ஒரே முடிவு: காஸ்ரிக்.
காலையும் இரவும் ஒவ்வொரு குளிசை, சாப்பாட்டுக்கு முன்.

நான் வாசித்துக் காட்டியதும்
கொஞ்சம் ரோசத்தோடு சொன்னார்:
"அவள் ஒருத்தரையும் முறைப்படுற ஆள் இல்லை."

நாலாம் பக்கத்துக்குப் பின்னால்
ஸ்கான் றிப்போட். நாலாய் மடித்து
இரண்டு ஸ்ரேப்பிள் முள் அடித்திருந்தது.
மடிப்புக் கலையவில்லை. விரல் அழுக்கு எங்கும் இல்லை.
கழற்றி விரித்தேன்.
மேலதிகப் பரிசோதனை விரும்பத்தக்கது.

விரும்பத்தக்கது.
மூலத்தில் இதைவிட உரத்த சொல் ஏதும் இருக்குமோவென்று
அகராதியை இரண்டு தரம் புரட்டினேன்.
அங்கேயும் மெதுவாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

கையொப்பம் எனக்குத் தெரிந்தது. வால் நீண்டு
அடுத்த கோட்டில் போய் விழும்.
போன மாரியில் என் மகனின் துண்டிலும் அதே வால்.
இரவு பத்தரை, ஐம்பத்தெட்டாம் நம்பர்.
வேறு இரண்டு பேர் வைரஸ் காய்ச்சல் என்று அனுப்பியவனை
இவர்தான் கண்மடலை இழுத்துப் பார்த்து,
"டெங்கு. இப்பவே வாட்டுக்குக் கொண்டு ஓடுங்கோ" என்றவர்.
அவருக்கும் அது நீண்ட நாளாகத்தான் இருந்திருக்கும்.
இதை நான் மரியநேசனுக்குச் சொல்லவில்லை.

நாலாம் வருகையின் கடைசிச் சொல்லில் நின்றுவிட்டேன்.
ஒரே ஒரு ஆங்கிலச் சொல், அவசரத்தில் சாய்ந்தது.
தைரியம் சொல்லி அனுப்பப்பட்டார் என்று எழுதலாம்.
பயப்பட எதுவுமில்லை எனக் கூறப்பட்டது என்றும் எழுதலாம்.
முதலாவது டொக்டருக்கு நல்லது,
மற்றது வழக்குக்கு.
நான் அவரிடம் கேட்டிருக்கக் கூடாது.
கேட்டேன்.

"அது பொய் இல்லை மிஸ்.
அண்டைக்கு அவளுக்குச் சரியான சந்தோசம்.
வாற வழியில இறங்கி ரெண்டுபேரும் ஐஸ்கிரீம் குடிச்சனாங்கள்.
என்ர கப்பில மிச்சம் கிடந்ததையும் வழிச்சவள்."
பிறகு விரலால் மேசையில்
இல்லாத எதையோ துடைத்தார்.

ஆறுதல் அளிக்கப்பட்டது
என்று அடித்தேன்.

ஒன்பது பக்கத்துக்கும் முத்திரை குத்தி
எட்டுக்குத்தான் காசு வாங்கினேன்.
கடைசிப் பக்கத்தில் பெயர்ப்பதற்கு ஒன்றும் இல்லை.
அடுத்த முறை வரவேண்டிய திகதி மட்டும்,
அதன் கீழ்
மை படாத கோடுகள்.