மோதிர விரல்

விளக்கை அணைத்துவிட்டுக்
குழலுக்குள் மெல்லிய மின்விளக்கொன்றை இறக்குவாள் லி-ச்சின்.
ஒவ்வொரு மூடியாய் அழுத்திப் பார்ப்பாள்.
எங்கே வெளிச்சம் கசிகிறதோ
அங்கே காற்றும் கசியும்.
தோல் திண்டைச் சூடாக்கி, மயிரிழை நகர்த்தி,
இருட்டு முழுசாகும்வரை
அடுத்ததற்குப் போகமாட்டாள்.

ஹௌலியில் இது ஒரு வேலை.
தைவானின் அந்த மூலையில்
வயலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே
தகரக் கொட்டகைகளில் சாக்ஸபோன் செய்கிறார்கள்,
வேறு ஊரில் நாற்காலி செய்வதைப் போல.

முன்பு அவள் அச்சு இயந்திரத்தில் இருந்தாள்.
பித்தளைத் தகட்டில் மூடிக் கிண்ணங்கள் வெட்டுவது.
ஒரு வியாழக்கிழமை
கிண்ணத்தோடு சேர்த்து
இடது மோதிர விரலில் இரண்டு கணுவை எடுத்துக்கொண்டது.
நிறுவனம் பணம் கொடுத்தது.
இந்த விளக்கு மேசையையும் கொடுத்தது.
"ஒரு விரல்தானே" என்றார் மேலாளர் கோ,
ஆறுதலாகத்தான்.

மழையில் பேருந்து தாமதமான ஒரு மாலை
சோதித்து முடித்த ஆல்டோ ஒன்றைக்
கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.
ஊதிப் பார்க்கும் வெங்-யாவ் போய்விட்டிருந்தான்;
அவன் விரல்களை நான்கு வருடம் பார்த்தவள்.

ஆள்காட்டி விரல்: பி.
கூடவே நடுவிரல்: ஏ.
அடுத்து
விரல் இருந்த இடத்தில் காற்று இருந்தது.

பல் போனால் சொல் போகும்;
ஒரு பல்லுக்கு ஒரு சொல் என்று கணக்குப் போட்டு
ஜி-யைத் தாண்டி எஃப்புக்குப் போனாள்.
வலக்கை அழுத்தியது. மூடிகள் மூடின.
குழல் ஏ என்றது.
ஈ, டி, வலக்கை முழுவதும் அழுத்தினாள்.
அதே ஏ,
போர்வைக்குள்ளிருந்து பேசுவதைப் போல.

அப்போதுதான் விளங்கிற்று.
திறந்திருக்கும் முதல் வாசலிலேயே
காற்று வெளியேறிவிடும்.
கீழே இறங்க வேண்டுமென்றால்
மேலே ஒன்றுவிடாமல் மூடியிருக்க வேண்டும்.
ஜி போனது.
அதன் கீழே அகன்ற வாய்வரை இருந்த அத்தனையும்
கூடவே போயிருந்தது.

திருகைக் கழற்றி இன்னொன்றும் கண்டாள்.
மேல்ஸ்தாயிக்கு இரண்டு சின்னத் துளைகள்,
ஒன்று உடலில், ஒன்று கழுத்தில்.
கட்டைவிரலுக்கு ஒரே சாவி.
எதைத் திறப்பதென்று கட்டைவிரலுக்குத் தெரியாது.
மோதிர விரல் படுத்தால் உடல்,
எழுந்தால் கழுத்து.
கிண்ணம் கிண்ணமாய் வெட்டிக் குவித்தவளுக்கு
இதை யாரும் சொல்லவில்லை.
அவளும் கேட்டதில்லை.

கழிவுப் பெட்டியில் ஒரு சிப்பிப் பொத்தான்,
இரண்டு அங்குலப் பித்தளைக் கம்பி,
ஆ-பாவ் பூட்ட மறந்த சுடர்க்குழாய்.
மூன்றாம் முறை பற்று பிடித்தது.
எஞ்சிய கணு எட்டும் உயரத்தில்
பொத்தான் நின்றது,
வயலில் தனியாக நிற்கும் கொக்கைப் போல.

தொட்டாள். ஜி.
எஃப். ஈ. டி.
வலது சுண்டுவிரலுக்கு சி.
இடது சுண்டுவிரல் உருளையில் வழுக்கிப் போய்
ஆகக் கடைசி பி ஃபிளாட்.
மேசை மேல் சிந்திக் கிடந்த திருகாணிகள்
லேசாக நடந்தன.
பேருந்து வந்து போனது.

காலையில் மேலாளர் கோ
பொத்தானைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார்.
அளவுகோலை எடுத்தார், வைத்தார்.
நிராகரிப்புச் சீட்டில் காரணம் என்ற கட்டத்தருகே
பேனா நெடுநேரம் நின்றது.
"உயரம் கூடுதல்" என்று எழுதிக்
கயிற்றில் கட்டி
அவள் மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போனார்.

எல்லா விரலையும் எடுத்துவிட்டு ஊதினால்
சி ஷார்ப் வரும்.
இந்தக் கொட்டகையில் பிறக்கும் குழல்களிலெல்லாம்
அது கொஞ்சம் சுருதி குறைவு.
வெங்-யாவ் உதட்டை இறுக்கி
அதை மேலே தூக்கிவிடுவான்.
லி-ச்சின் தூக்குவதில்லை.
சீட்டு ஆட ஆட
ஐந்து நாற்பதுக்கு ஒருதரம்
அதை அப்படியே ஊதிவிட்டுத்தான்
விரல்களை வைக்கத் தொடங்குகிறாள்.