ஒரு லிட்டர் பை

மூன்றாவது தடவையாகக் கட்டிலில் கொட்டியிருக்கிறேன்.
முப்பது கிலோப் பெட்டியில் எனக்கு இடமில்லை.
அதில் கருப்பட்டி, சுண்டவத்தல், சீயக்காய்,
மஸ்கட்டில் என் அறைக்காரிகள் மூவரும்
பட்டியல் போட்டு அனுப்பிய மற்றதெல்லாம்.
போன தடவை அந்தப் பெட்டி
திருவனந்தபுரத்தில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தது.
எப்சியின் பேஸ்டில் பல் தேய்த்தேன்.
இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

ஆகவே மூன்று நாளுக்கானது கையோடு.
ஒரு புட்டிக்கு நூறு மில்லி,
எல்லாப் புட்டிக்கும் சேர்த்து
உள்ளே தெரிகிற ஒரே பை,
ஜிப்பு மூட வேண்டும்.

மூன்று நாளுக்கு எவ்வளவு ஷாம்பு என்று
யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகுமுன்
சிரிஞ்சில் இழுத்துப் பார்த்தேன்.
என் தலைக்கு எட்டு மில்லி.
இத்தனை வருஷமாகக் கைநிறையக் கொட்டியது
முடிக்கு இல்லை, வாய்க்காலுக்கு.

சொட்டுமருந்துப் புட்டியைக் கொதிநீரில் அலசி
அதில் முகத்துக்குப் போடும் க்ரீம்.
சோப்பைத் தையல்நூலால் நாலாக அறுத்தேன்.
சோப்பு திடம், கணக்கில் வராது.
ஒவ்வொரு மூடிக்கும் கீழே பாலிதீன் துண்டு.
புட்டியை லேசாகப் பிதுக்கிக் காற்றை வெளியேற்றி
அப்புறம் திருக வேண்டும்.
மேலே போனால் காற்று வீங்கும்,
எண்ணெய் வெளியே வரும்.
ஒட்டிய பிளாஸ்திரியில் பெயர், தேதி, அளவு.
கையெழுத்துப் போடப் போய் நிறுத்திக்கொண்டேன்.

சாலமோன் வாசற்படியில் நின்று பார்க்கிறார்.
பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணி லாரி ஓட்டுகிற மனுஷன்.
“ஏட்டி, சமாதானபுரம் வளைவுல
நான் சிந்துறது இதவிட ஜாஸ்தி.”

தேங்காயெண்ணெயில்தான் சிக்கல்.
பை மூட மாட்டேன் என்கிறது.
“ஃபிரிட்ஜுல வச்சா கட்டியாயிரும்லா?
கட்டின்னா சோப்பு மாதிரிதான?”

இசக்கியப்பன் ஞாபகம் வந்தது.
ஹைகிரவுண்டில் நான் இருந்தபோது மூன்றாம் படுக்கை.
முப்பது வருஷம் சோடாக்கடை நடத்தியவருக்கு
நாளொன்றுக்கு எழுநூறு மில்லி, அவ்வளவுதான்.
கன்னத்தில் ஒரு பக்கம் புடைத்திருக்கும்.
“தண்ணி இல்ல சிஸ்டர், கட்டி.”
ஐஸ் கரைகிறவரை வேறு எதுவும் பேச மாட்டார்.
எடை மெஷினில் ஏறி நின்று
முள்ளைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பார்.

எண்ணெயை எடுத்து வைத்துவிட்டேன்.
ஜிப்பு மூடியது.

விடிகாலை நாலு மணிக்கு
பெருமாள்புரத்து அபார்ட்மென்ட்டுக்கு முதல் லோடு.
அதே வண்டியில் வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டுக்கு நானும்.
பின்னால் பன்னிரண்டாயிரம் குலுங்குகிறது,
ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு கணம் கழித்து
முதுகில் வந்து இடிக்கிறது.
மடியில் ஒரு லிட்டர், அசையவில்லை.

விமான நிலையத்தில் எல்லாம் தேறியது,
பேஸ்ட் தவிர.
கடைசிவரை சுருட்டிப் பிதுக்கிய நூற்றைம்பது கிராம் டியூப்.
“உள்ளே ஒன்றுமே இல்லை சார்,
மூன்று நாளுக்குத்தான் வரும்.”
“உள்ளே அல்ல, வெளியே எத்ர?”
விரலால் எண்ணைத் தொட்டுக் காட்டினார்.
தொட்டியில் விழுந்தது,
பாதி குடித்த ஜூஸ் புட்டிகளுக்கு நடுவே.

போனில் சொன்னேன். சாலமோன் சிரிக்கிறார்,
பின்னணியில் ஓஸ் தண்ணீர் பீய்ச்சும் சத்தம்.
“இங்கயும் அதேதான். அரைத் தொட்டி கொண்டாந்தாலும்
முழு லாரிக்குத்தான் பில்லு.”
அப்புறம், “எப்சிகிட்ட என்ன சொல்லப்போற?”

மேலே, மேகத்துக்கு அப்புறம்,
பணிப்பெண் காகிதக் கப்பில் தண்ணீர் நீட்டினாள்.
வாங்கியதும் கண் தானாகக் கோடு தேடியது.
தொண்ணூறு இருக்கும்.
இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தேன்.