பின் இடது

மூலக்கொத்தளம் சலாவுதீன் கடையில்
நாலு சக்கரமும் மாற்றினேன்.
வெள்ளி நிறம், ஐந்து கை, பதினாறு அங்குலம்.
எங்கேயோ மோதி நொறுங்கிய வண்டியிலிருந்து
தாம் மட்டும் தப்பி வந்தவை.
பழைய நாலையும் அவரே எடுத்துக்கொண்டு
ஆறாயிரம் கழித்தார்.
கணக்கு அங்கேயே முடிந்தது,
வண்டியைத் தவிர எல்லோருக்கும்.

பேசின் பாலம் ஏறி இறங்குவதற்குள்
மீட்டரில் மஞ்சள் விளக்கு.
லாடம் மாதிரி ஒரு வளைவு, நடுவில் ஆச்சரியக்குறி.
ஒரு நிமிடம் சிமிட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும்.
திரையில் காற்றின் அளவு இருந்த நாலு இடத்திலும்
நாலு கோடு.

"சென்சாரு பழைய வீலோட போயிச்சிமா.
புச்சு ஒண்ணு ரெண்டாயிரத்து ஐந்நூறு, நாலு போடணும்.
அப்பால கம்பெனிக்கு இட்டும்போயி
இதான் உன் வீலுன்னு வண்டிக்கு சொல்லிக் குடுக்கணும்.
காத்து கரீட்டாதான் கீது. லைட்ட பாக்காத."

பாக்காதே என்றால்?
விடியாத நாலு மணிக்கு
எண்ணூர் ஷிப்டுக்கு ஆள் ஏற்றப் போகையில்
எதிரில் விழித்திருப்பது அது ஒன்றுதான்.
கைப்பையில் கிடந்த அட்டையிலிருந்து
ஒரு மெரூன் பொட்டை உரித்து அதன்மேல் ஒட்டினேன்.
ஓரத்தில் மஞ்சள் கசிந்தது.
ஆயுத பூசை முடிந்த வண்டி போலிருந்தது.

மூன்று மாதம் அப்படியே ஓடியது.

அன்றைக்குக் காசிமேடு தாண்டி
கன்டெய்னர் லாரிகள்
ஒன்றின் வாலை ஒன்று பிடித்து நின்றன.
வலது பக்கம் கருங்கல் கரை, அப்பால் இருட்டில் கடல்.
பின்சீட்டில் மூவரும் தூக்கம்.
முன்சீட்டில் அஞ்சுகம் மட்டும்
போனில் புருஷனோடு மெல்லிய குரலில் சண்டை.
நகர்ந்தோம். நின்றோம். நகர்ந்தோம்.

ஒரு கோடு முப்பத்திரண்டு ஆனது.

இன்னொன்று, முப்பத்து மூன்று.
இன்னொன்று, அதுவும் முப்பத்து மூன்று.
யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லையே
என்று நினைக்கும்போதே
கடைசியாகப் பின் இடது:
இருபத்தொன்று.

என் சக்கரத்தில் சென்சாரே இல்லை.
அப்படியென்றால் இது யார் காற்று?

முன்னால் டேங்கர். பின்னால் டிப்பர்.
இடப்பக்கம் ஒட்டினாற்போல் ஒரு பச்சைக் கார்.
அதன் முன் சக்கர விளிம்பில்
தேரடி மெட்ரோ பள்ளத்தில் நான் வாங்கிய வெட்டு.

கண்ணாடியை இறக்கினேன்.
"அண்ணே, பின்னாடி லெஃப்ட்டு, காத்து இறங்கினு கீது."
அவர் என்னைப் பார்த்தார், நான் இருக்கும் பக்கத்தைப் பார்த்தார்.
"அங்கேர்ந்து உனக்கு எப்டிம்மா தெரியும்?"
"அது என் வீலுண்ணே."
"இன்னாது?"
"என் பழைய வீலு. இன்னும் என்கிட்டதான் சொல்லுது."
அஞ்சுகம் சண்டையை நிறுத்திவிட்டாள்.
அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

பொட்டை உரித்து ஸ்டியரிங் நடுவில் ஒட்டினேன்.
விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.
மூன்று மாதத்தில் முதல் தடவையாக
உண்மைக்கு எரிந்தது.
இருபது. பத்தொன்பது.
வரிசை அவிழ்ந்ததும் பச்சைக் கார் சீறிக்கொண்டு போனது.
பதினேழு வரை தெரிந்தது எனக்கு.
பிறகு ஒவ்வொன்றாகக் கோடு.

ஆறு மணிக்கு ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்புகையில்
எர்ணாவூர் மேம்பாலத்தடியில், எதிர்ப்பக்கம்,
ஜாக்கியில் தூக்கிய பச்சைக் கார்.
அவர் குந்தி உட்கார்ந்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தார்.
வேகம் குறைத்தேன்.
என்னைப் பார்த்ததும் ஸ்பானரைத் தூக்கினார்.
சிரிக்கவில்லை.
நன்றியா, வம்பா,
ஹாரன் ஒன்று அடித்துவிட்டு வந்துவிட்டேன்.

லாடத்தை மூடலாமென்று ஸ்டியரிங்கைத் தடவினால்
பொட்டு இல்லை.
அஞ்சுகம் நெற்றியில் வைத்துக்கொண்டு
கேட்டுக்குள் போயிருக்கிறாள்.