ஷட்டர் பாதி இறங்கியபின்

டவுன்ஹால் ரோட்டில் மாடிப்படிக்கு அடியில்
ஆறுக்கு நாலு என் கடை.
போர்டு பார்க்க வாங்கிய மைக்ராஸ்கோப்
பகலெல்லாம் ஈயம் பார்க்கும்.
எள்ளில் பாதி இருக்கிற ரெசிஸ்டரை
எள்ளில் கால் இடத்தில் உட்காரவைக்கும்.
ஒன்பதரைக்கு ஷட்டர் பாதி இறங்கும்.
அதற்கப்புறம் அது என்னுடையது.

மாடக்குளம் கண்மாயில் மடைப்பக்கம்
பாசியைப் பிழிந்து பிடித்த தண்ணீர்
ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது.
டீ கொண்டுவரும் கருத்தமுத்து முகர்ந்துபார்த்து
‘சாக்கடைய எதுக்குண்ணே வளக்குறீங்க’ என்றான்.

செத்த போன் ஒன்றின் பேக்லைட் அடிவிளக்கு.
அதன்மேல் கழற்றிய கேமராக் கண்ணாடி.
அதன்மேல் ஒரு சொட்டு.

முதலில் ஒன்றுமே இருக்காது.
திருகைத் திருப்பத் திருப்ப
மங்கல் மெலிந்து
யாரோ குறுக்கே ஓடுகிறார்கள்.

நீர்த்தெள்ளுக்கு இதயம் முதுகில்.
தோலே கண்ணாடி என்பதால்
தின்ற பாசி குடலில் பச்சைக்கோடாக நிற்கிறது.
முதுகுப்பையில் ஏழு குஞ்சுகள்,
ஆளுக்கொரு கறுப்புப்புள்ளி.
மூச்சை அடக்கி ரெக்கார்டை அழுத்துவேன்.
அந்நேரம் பார்த்து
பெரியாருக்குத் திரும்பும் பஸ் ஒன்று
கட்டடத்தை லேசாக உலுக்கிவிட்டுப் போகும்.
திரையில் அது பூகம்பம்.
நாலு வினாடி பாழ்; கண்டக்டருக்குத் தெரியாது.

நாற்பது ஜிபி சேர்ந்திருக்கிறது.
பாதிக்குமேல் தூசி ஆடுவதுதான்.
அழிக்க மனசில்லை:
ஒருமுறை தூசி என்று நினைத்தது
கால் விரித்து நடந்துபோனது.

தைத்தெப்பம் முடிந்த ராத்திரி
ஷட்டருக்கடியில் குனிந்து வந்தார் கோபிலால்.
வேட்டி முழங்கால்வரை ஈரம்.
தெப்பம் சுற்றுவதை எடுக்கையில்
கைதவறித் தெப்பக்குளத்தில் விழுந்த போன்.
படியில் இறங்கித் துழாவி எடுத்தாராம்.
அரிசியில் போடவில்லையா என்றேன்.
‘வீட்டுக்கே போகல. நேரா இங்கதான்.’

சூடுகாட்டிப் பின்மூடியைப் பிரித்து
பேட்டரியைத் தூக்கினால்
அடியில் ஒரு சொட்டு.
துடைக்கப்போன பஞ்சு கையிலேயே நின்றது.
அப்படியே லென்சுக்குக் கீழே தள்ளினேன்.

‘உயிர் இருக்கா தம்பி?’

‘இருக்கு’
என்று சொல்லிவிட்டேன், யோசிக்காமல்.

சைக்ளாப்ஸ்.
நெற்றியில் ஒரே கண், செக்கச்செவேல்.
இடுப்புக்கு இருபுறமும் முட்டைப்பை,
தெப்பக் கூட்டத்தில்
ரெண்டு கட்டைப்பையோடு நெருக்கித் திரும்புகிறவள் மாதிரி.
ஒரு உதறல். ஒரு நிற்பு.
கேமராவை ஓடவிட்டுத்தான்
அவரிடம் பேச ஆரம்பித்தேன்:
பவர் ஐசி போயிருச்சு,
மெமரியும் சந்தேகம்தான்.

அவர் காதில் விழவில்லை.
என் நாற்காலியில் உட்கார்ந்து
ரெண்டு குழல் இருந்தும்
ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு
வெகுநேரம் பார்த்தார்.
‘இதா எம் போன்ல இருந்துச்சு?’
‘உங்க போன்லதான்.’
‘சார்ஜ் போட்டிருந்தா செத்திருக்குமோ?’
அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

தெப்பம் எடுத்த வீடியோ வரவே இல்லை.
இந்த நாற்பது வினாடியை
வீட்டுக்காரம்மா நம்பருக்கு அனுப்பச் சொன்னார்.
என்ன இது என்று வந்த பதிலுக்கு
என்னையே டைப் அடிக்கவைத்தார்:
நம்ம போன்.
நூற்றைம்பது ரூபாய் நீட்டினார்.
எதற்கென்று நானும் கேட்காமல் வாங்கிக்கொண்டேன்.

சொட்டை உறிஞ்சி ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டது
அன்றைக்கு ராத்திரியே.
விட்ட நொடியில் கலந்துவிட்டது.
மாடக்குளத்துக் கண்களுக்கும்
தெப்பக்குளத்துக் கண்ணுக்கும்
எனக்கு வித்தியாசம் தெரியாது.
மாதம் ஒன்றாகிறது. அது இருக்கிறதோ இல்லையோ,
முட்டை பொரிந்ததோ என்னவோ.

நேற்று புதுப் போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்தார்.
ஒட்டி முடித்தும் போகாமல் நின்றார்.
‘இருக்கா?’

பாட்டிலை எடுத்து
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
உள்ளே பொடிப்பொடியாக உதறல்கள்.
சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு
அவர்
தேட ஆரம்பித்தார்.